பதினேழாம் எண்ணின் மூச்சு

பதினேழு என்ற எண் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்று லேப்டாப் மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"இருக்கா? எங்க இருக்கு? என் தலையிலயா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். மின் அறையில் என்னைத் தவிர யாருமில்லை. இருந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. வருடாந்தரப் பெரிய நிறுத்தத்தின் கடைசி நாள். பாலைவன மலைமேல் இருக்கிற இந்தச் சுரங்கத்தின் ஆலைப் பகுதி மூன்று நாளாக நின்றிருந்தது. மாலை நாலு மணிக்கு எல்லாம் மறுபடி ஓட வேண்டும். ஒரு மோட்டார் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் கவனிக்கிற பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். பழைய டிரைவ் பன்னிரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு மாட்டியிருந்தார்கள். அவை கட்டுப்பாட்டு அறையோடு நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசும். பேச வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். ஓர் எண் ஒரு பெட்டிக்கு மட்டும்தான். அந்த எண்ணைக் கொடுப்பது, கேபிள் அறுந்தால் என்ன செய்ய வேண்டும், திரும்ப வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைப்பது, கடைசியில் சரிபார்த்தேன் என்று தாளில் கையெழுத்துப் போடுவது, இவ்வளவுதான் என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

ஆறிலிருந்து பதினாறு வரை பதினோரு பம்புகள். அவை சொன்னபடி கேட்டன. ஒரு பெல்ட்டுக்கு வந்த பதினேழு மட்டும் முரண்டு பிடித்தது. அந்த எண்ணில் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விளக்கை மின்னிக் காட்டு என்று கட்டளை அனுப்பினால் பத்து விநாடி அதன் விளக்கு மின்னும். அனுப்பினேன். அறை முழுக்க நடந்தேன். ஒன்றும் மின்னவில்லை. மறுபடி அனுப்பிவிட்டு மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். தூசிதான் இருந்தது.

அப்போது ரேடியோவில் விளாதிமிர் வந்தான். எலக்ட்ரீஷியன்களின் தலைவன். வாயை மூடத் தெரியாதவன். அன்றைக்கு அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"யாஸ்னா... நீ ஏதாவது பண்றியா?"

"பண்ணாம? உன்ன மாதிரி டீ குடிச்சுக்கிட்டா இருக்கேன்?"

"விளையாடாத. லோலோவோட விளக்கு மின்னுது. நாலு வருஷத்துல ஒரு நாளும் இப்படி மின்னினதில்ல. பசங்க எல்லாம் ஹெல்மெட்ட கழட்டிட்டு நிக்கிறாங்க."

நான் ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். இங்கே வந்த மூன்று நாளும் அந்தப் பக்கம் நான் போகவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

லோலோ இறந்த இடத்துக்கு மின் அறையிலிருந்து நூற்றிருபது படி இறங்க வேண்டும். கல்குவியலுக்கு அடியிலிருந்து கல்லை இழுத்துப் பெரிய பெல்ட்டில் கொட்டும் சின்ன பெல்ட் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வால் பக்கத்தில், அகால மரணம் நடந்த இடங்களில் நாங்கள் எழுப்புகிற குட்டி வீட்டைத் தகரத்தில் செய்து நீல வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே அவனுடைய ஹெல்மெட், கோப்ரெலோவா கால்பந்து அணியின் ஆரஞ்சுச் சட்டை, பிளாஸ்டிக் ரோஜா, இரண்டு சிகரெட், மாதா படம். மெழுகுவர்த்தி இருக்க வேண்டிய நடு இடத்தில் ஒரு டிரைவ்.

பொம்மை இல்லை. கரண்ட் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் ஒழுங்காக இழுத்து மாட்டிய நிஜமான டிரைவ். அதன் நெற்றியில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பத்து விநாடிக்கு மேல் அது மின்னக் கூடாது. நான் படியிறங்கி வந்ததே நாலு நிமிடம். பழைய மாடல், ஏதாவது கிறுக்குத்தனம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன். என் முகம் அதற்கு நேராக வந்ததும் மின்னுவது நின்றுவிட்டது.

"எந்த மேதாவியோட வேலைடா இது?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"எங்க எல்லாரோட வேலையும்தான்," என்றான் விளாதிமிர். "இந்தக் காத்துல மெழுகுவர்த்தி நிக்குமா, நீயே சொல்லு. இதுதான் அன்னைக்கு இந்த பெல்ட்ட ஓட்டின பெட்டி. விசாரணைக்கு வந்தவங்க சாவிய எடுத்தாங்க, தாள எல்லாம் எடுத்தாங்க, இத ஒருத்தனும் கேக்கல. குப்பையில போட எங்களுக்கு மனசு வரல. கரண்ட் குடுத்தோம். செவப்பு விளக்கு படபடன்னு அடிச்சுது. பாக்கவே அவன் வேதனையில துடிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் நெட்வொர்க் கேபிள சொருகினோம். பச்சையாயிடுச்சு. அடங்கிட்டான்டான்னு சொல்லி எல்லாரும் அழுதோம்."

"பதினேழு அவன் நம்பரா?"

"ஆமா. பெரிய ஆட்டக்காரன் போனா சட்டை நம்பர எடுத்து வெச்சுடுவாங்கள்ல? அப்படித்தான். அதுக்கப்புறம் இந்த பெல்ட்டுக்கு வந்த பெட்டிக்குப் பதினெட்டுன்னு குடுத்துட்டோம். பதினேழ யாருக்கும் குடுக்க விடல." அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மூச்சுகூட விடுவான், தெரியுமா? காத்து பலமா அடிக்கிற நாள்ல. உள்ள ஃபேன் இருக்குல்ல, திடீர்னு சுத்தும். கொஞ்ச நேரம் மூச்சு விட்டுட்டு அடங்கிடுவான்."

சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்த மாடலில் டிரைவ் ஓட ஆரம்பித்தால்தான் ஃபேன் சுற்றும். மோட்டாரே இல்லாத பெட்டி, யாரும் சொல்லாமல், எதற்காக ஓட ஆரம்பிக்க வேண்டும்? ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

லோலோ என்று எல்லோரும் கூப்பிட்டது எலியோதோரோ அயவீரேயை. எனக்கு அவனைத் தெரியும். நான் ஒப்பந்தக் கம்பெனிப் பெண்ணாக இங்கே முதலில் வந்தபோது, மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதற்கு மருந்தாகக் கோக்கா இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தவன் அவன்.

அவன் செத்த கதையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் மாதம், காற்றடித்த ஒரு நண்பகல். நெட்வொர்க் அறுந்து சின்ன பெல்ட் நின்றது. வால் உருளையில் ஒரு கல் சிக்கியிருந்தது. முறைப்படி நூற்றிருபது படி ஏறி, மின் அறையில் கரண்டை நிறுத்தித் தன் பூட்டை மாட்டிவிட்டு வந்துதான் கல்லை எடுக்க வேண்டும். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் யாரும் ஏற மாட்டார்கள். நெட்வொர்க் அறுந்து நின்ற பெல்ட், பக்கத்தில் இருக்கும் பேனலில் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். ஆகவே அந்தப் பேனல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சாவி எங்கிட்ட" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். இங்கே எல்லோரும் செய்வது அதுதான். லோலோவும் பூட்டினான், சாவி அவன் பையில்தான் கிடைத்தது. ஆனாலும் பெல்ட் ஓடியது.

விசாரணை அறிக்கை சுருக்கமாக எழுதியது. கதவு பூட்டியிருந்தது. சாவி அவனிடம் இருந்தது. டிரைவ் தானாக மறுபடி ஓடாதபடி அமைக்கப்பட்டிருந்தது, அதற்குக் கையெழுத்திட்ட தாள் உண்டு. ஆகவே பொத்தானை அமுக்கியவன் அவனே. நெட்வொர்க் வந்ததும் ஓடட்டும் என்று, கதவைப் பூட்டும் முன் அவசரத்தில் அமுக்கிவிட்டு, அதை மறந்து உருளைக்குள் கையை விட்டான். இதற்கு யாராலும் எதிர்ப்பேச்சுப் பேச முடியவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். அதில் காட்டுகிற முதல் படம் லோலோவுடையது. சிரித்த முகம். கீழே, 'தானே அமுக்கினான், தானே கையை விட்டான்' என்று பெரிய எழுத்து.

"வழிய விடுங்க, அண்ணி வர்றாங்க," என்றான் விளாதிமிர்.

எர்சிலியா. லோலோவின் மனைவி. ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிறாள். இரண்டு கையாலும் மூடி போட்ட பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆட்டுக்கறியும் சோளமும் போட்ட சூப்பின் வாசனை வந்தது. பெரிய நிறுத்தம் என்றால் வேலைக்காரர்களுக்கு ஊற்றுவதற்கு முன் முதல் கிண்ணம் இங்கே வரும் என்று பிறகு சொன்னார்கள்.

கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டியெல்லாம் பேச வைக்கிற பொண்ணு நீதானா?"

"ஆமாக்கா."

"அப்போ இதுகிட்ட எனக்காக ஒண்ணு கேட்டுச் சொல்லு. அவரு அமுக்கினாரா, இல்லையா?"



"இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினேன்," என்றாள். "வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னாக்கூட மெயின் ஃபியூஸ புடுங்கி பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, நான் பாக்கெட்ட தொட்டுப் பாத்தப்புறம்தான் ஸ்டூல்ல ஏறுவாரு. அப்படிப்பட்ட மனுஷன் அமுக்கிட்டுக் கைய விடுவாரா? நாலு வருஷமா கேக்குறேன். ஒருத்தரும் பதில் சொல்லல. திங்கக்கிழமை எம்பொண்ணு ஆனாயிஸ் இங்க வேலைக்குச் சேர்றா. எட்டு மணிக்கு அந்தப் படத்த அவளுக்குக் காட்டுவாங்க. அவ பக்கத்துல உக்காந்திருக்கவன் எல்லாம் அத பாத்துச் சிரிப்பான். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

"கேட்டுச் சொல்றேன்க்கா," என்றேன். பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன். அன்றைக்கு என் வாயை அடைக்க ஒரு ஈயாவது நுழைந்திருக்கலாம்.

லேப்டாப்பை எடுத்துவரப் படியேறும்போதே பஸ்குஞான் ரேடியோவில் பிடித்துக்கொண்டார். பிரிவுத் தலைவர். கெட்டவர் இல்லை, கடிகாரத்துக்குப் பிறந்தவர், அவ்வளவுதான்.

"பதினேழு என்னம்மா ஆச்சு?"

"பழைய டிரைவ் ஒண்ணு அந்த நம்பர்ல இருக்கு சார். லோலோ வீட்டுக்குள்ள."

"அட கடவுளே. சரி, அத மொத்தமா அழிச்சு வெறும் பெட்டியாக்கிடு. நம்பர புதுசுக்குக் குடு. விளக்கு எரிஞ்சா போதும் அவங்களுக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

"அவன் நம்பரத்தான் யாருக்கும் குடுக்கறதில்லையாமே. அது எப்படி மறுபடி பட்டியல்ல வந்துச்சு?"

"சாந்தியாகோ தலைமை ஆபீஸ்ல பழைய பைல்கள்ல கையெழுத்து இருந்தது எதுவோ அத எடுத்து அப்படியே புதுசுக்கு மாத்தி அனுப்பியிருக்காங்க. நம்பர், அமைப்பு எல்லாம் அதுலருந்துதான். நாலு மணிம்மா. நாலு மணி."

லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்தத் தகர வீட்டுக்கு முன்னால் ஒரு கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்தேன். எர்சிலியா போகவில்லை. எனக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டாள். விளாதிமிரும் நாலைந்து பேரும் தள்ளி நின்றார்கள்.

பதினேழைக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது. புது டிரைவ்கள்கூட அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லவில்லை. நாலு வருடமாக யாரும் தொடாத பெட்டியின் கடிகாரம் என் கைக்கடிகாரத்தோடு விநாடி பிசகாமல் ஒத்துப்போனது. நிலை: தயார். ஏவலுக்காகக் காத்திருக்கிற வேலைக்காரன் மாதிரி அந்தச் சொல் திரையில் நின்றது.

அந்த மாடல் தனக்கு நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும். இரண்டாயிரம் வரி வரைக்கும். நிறைந்துவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று வரி இருந்தது. இன்னும் ஒரு மாதம் காற்றடித்திருந்தால் லோலோவின் நாள் அழிந்துபோயிருக்கும்.

மேலிருந்து படித்தேன். போன செவ்வாய்க்கிழமை. இணைப்பு அறுந்தது. இணைப்பு வந்தது. ஓட ஆரம்பித்தது. அதற்கு முந்தைய ஞாயிறு. இணைப்பு அறுந்தது. இணைப்பு வந்தது. ஓட ஆரம்பித்தது. பக்கம் பக்கமாக அதே மூன்று வரி. காற்று கேபிளை ஆட்டிய ஒவ்வொரு நாளும், மோட்டார் இல்லாமல், பெல்ட் இல்லாமல், இந்தப் பெட்டி எழுந்து ஓடியிருக்கிறது. கீழே, கீழே என்று இறக்கிக்கொண்டே போனேன்.

ஆகஸ்ட் பதினாலு. பதினொன்று ஐம்பத்திரண்டு. இணைப்பு அறுந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டு. இணைப்பு வந்தது.

அதே நிமிடம், அதே விநாடி. ஓட ஆரம்பித்தது. காரணம்: தானாக.

பன்னிரண்டு ஒன்று. அவசர நிறுத்தக் கயிறு இழுக்கப்பட்டது.

இரண்டு தடவை படித்தேன். அதற்குக் கீழே இணைப்பு அறுந்த வரியே இல்லை, அந்தப் பெட்டிக்கு அதுதான் முதல் தடவை. பொத்தான் அமுக்கப்பட்டால் அதற்கு ஒரு வரி விழும். அந்த வரி இல்லை. இணைப்பு அறுந்த ஆறு நிமிடத்தில் லோலோ கதவைப் பூட்டியிருக்கிறான், சத்தம் கொடுத்திருக்கிறான், இறங்கியிருக்கிறான், கல்லில் கை வைத்திருக்கிறான். யாரும் எதையும் தொடவில்லை.

"அக்கா," என்றேன். "அவர் அமுக்கல. பொத்தான யாருமே அமுக்கல. அது தானா ஓடியிருக்கு."

எர்சிலியா கத்தவில்லை. தரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "தெரியும்," என்றாள். "எனக்குத் தெரியும்." விளாதிமிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் காற்றில் விட்டான்.

எனக்கும் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். முழுசாக ஒரு நிமிடம் இருந்தது அந்தச் சந்தோஷம். இணைப்பு வந்ததும் தானாக ஓடு என்று இதற்குச் சொல்லிக்கொடுத்த தடியன் யார் என்று பார்த்துவிட வேண்டும், அவன் பெயரை இவர்கள் முன்னாலேயே சத்தமாக வாசிக்க வேண்டும் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.

கடைசியாக எழுதப்பட்டது: பிப்ரவரி ஒன்பது, மாலை ஐந்து நாற்பத்தெட்டு. எழுதிய கணினி: குத்திப்பா 2.

குத்திப்பா என் குடும்பப் பெயர். என் முதல் லேப்டாப் படியில் விழுந்து உடைந்ததால் இரண்டாவதற்கு அப்படிப் பெயர் வைத்திருந்தேன்.

கீழே கலாமா ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. அது ஞாபகம் வந்தது. எல்லாமே ஞாபகம் வந்தது. சேற்றுப் பம்புகள் பதினொன்று. அவை பத்து நிமிடம் நின்றால் குழாய்க்குள் சேறு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதனால் இணைப்பு வந்ததும் யாரையும் கேட்காமல் ஓடு என்று அவற்றுக்குச் சொல்லி வைப்போம். பம்புக்கு அது சரி. ஒரு பம்புக்கு எழுதி, அதே பைலை மற்றப் பத்துக்கும் ஏற்றினேன். மணி ஐந்தே முக்கால். மிச்சம் இருந்தது பெல்ட் ஒன்றுதான். அதற்கும் அதே பைலை ஏற்றினேன். அந்த ஒரு வரியை மட்டும் காலையில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாளை மட்டும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பஸ்ஸுக்கு ஓட வேண்டுமே. காலையில் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் செத்த செய்தி வந்தபோது எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். எழுந்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். தாளில் 'தானாக ஓடாது, சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. என் கையெழுத்தை நானே நம்பினேன். விசாரணைக்காரர்களும் அதைத்தான் நம்பினார்கள். ஒரு செத்தவனின் பேச்சுக்கு எதிராக அந்தத் தாள்தான் சாட்சி சொன்னது.

அதோடும் முடியவில்லை. கையெழுத்து இருந்த பழைய பைல்தான் சாந்தியாகோவிலிருந்து புதுசாகத் திரும்பி வந்திருக்கிறது. மேலே அறையில் சுவரில் மாட்டியிருக்கும், இதே பெல்ட்டை ஓட்டப்போகிற புதுப் பெட்டிக்காக வந்த பைலைத் திறந்து பார்த்தேன். அதே வரி. தானாக ஓடு. வேறு உடம்பு கிடைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது அது.

ரேடியோ கரகரத்தது. "என்னம்மா, அழிச்சாச்சா? ஒரு பொத்தான் அமுக்க இவ்வளவு நேரமா?"

ஒரே ஒரு பொத்தான்தான். அமுக்கியிருந்தால் வரிசையும் போகும், குத்திப்பாவும் போகும். புதியதில் அந்த ஒரு வரியை யாருக்கும் தெரியாமல் மாற்றியிருப்பேன். அவர் அமுக்கவில்லை என்று நான் வாயால் சொன்னது மட்டும் மிஞ்சும், அதை யாரும் நம்பப் போவதில்லை. திரையில் அம்புக்குறி அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது என் விரல்தான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்தது. மலைப்பக்கமிருந்து மஞ்சள் தூசி வந்தது. தகர வீடு படபடத்தது. என் திரையில் பதினேழு காணாமல் போனது. பெட்டியின் நெற்றியில் விளக்கு சிவப்பாகிப் படபடவென்று அடித்தது. எனக்கு எண்ணத் தோன்றியது, எண்ணினேன். ஒன்பது வரைக்கும் எண்ணியிருப்பேன். சிவப்பு பச்சையானது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் ஒரு இழுப்பு, பிறகு நீளமான பெருமூச்சு. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குப் பதினோரு வருடத்தில் தெரியாது. ஆண்கள் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். எர்சிலியா எழுந்து போய், சன்னல் கம்பி மாதிரி இருந்த அந்தத் துவாரங்களுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களா?" என்றாள் பெட்டியிடம். "கேட்டீங்கல்ல? நீங்க அமுக்கலையாம். இந்தப் பொண்ணு சொல்லிடுச்சு." என் பக்கம் திரும்பினாள். "கை வெச்சுப் பாரும்மா. சூடா இருக்கும். மூச்சு."

நான் எழுந்தேன்.

"அக்கா, கைய எடுங்க."

"ஏன்?"

"அது அவர் மூச்சு இல்ல. இணைப்பு போயிட்டு வந்தா இது தானா ஓடும். அன்னைக்கும் இப்படித்தான் ஓடுச்சு. காத்தடிக்கிற ஒவ்வொரு நாளும் இது அன்னைக்குப் பண்ணினதத்தான் திரும்பத் திரும்பப் பண்ணிக்கிட்டு இருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டேன். "அப்படிப் பண்ணச் சொல்லி இதுக்கு எழுதினது நான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுதினேன். மாத்தாமயே மாத்திட்டேன்னு கையெழுத்துப் போட்டேன்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எர்சிலியா கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அதற்கு முன்னால் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி வெடுக்கென்று இழுத்து, முன்துணியில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நாலு வருஷம்," என்றாள். "இதுக்குச் சூப்பு கொண்டாந்து வெச்சேன்."

விளாதிமிர் ஒரு அடி முன்னால் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எர்சிலியா அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மன்னிப்புன்னு ஏதாவது ஆரம்பிச்சே, இந்தச் சூப்ப உன் தலையில ஊத்திடுவேன்," என்றாள் என்னிடம். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு நீ வர்ற. அவர் படத்த நீயே கழட்டுற. அந்த இடத்துல நீ நிக்கிற. பஸ்ஸு, கையெழுத்து, எல்லாத்தையும் எம்பொண்ணு முன்னாடி உன் வாயால சொல்ற."

"சொல்றேன்க்கா."

"இப்ப இத நிறுத்து. கரண்ட புடுங்காத. இனிமே தானா ஓடாதுன்னு எழுது. என் கண்ணு முன்னாடி எழுது."

முதலில் வரிசை முழுவதையும் நகல் எடுத்து, விளாதிமிரின் போனுக்கும், பஸ்குஞானுக்கும், தொழிலாளர் சங்கத்துக்கும் அனுப்பினேன். இனி நான் மாற நினைத்தாலும் மாற முடியாது. ரேடியோவில் பஸ்குஞானிடம் நாலு மணிக்குப் பெல்ட் ஓடாது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். பிறகு பதினேழின் அமைப்பைத் திறந்து, நாலரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் மாற்றியிருக்க வேண்டிய அந்த ஒரு வரியை மாற்றினேன். பன்னிரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"பாக்கணும்," என்றாள் எர்சிலியா.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். ஃபேன் இழுத்து இழுத்து நின்றது. சிவப்பு விளக்கு படபடவென்று அடித்தது. மறுபடி சொருகினேன். இணைப்பு வந்தது என்று திரை சொன்னது. எல்லோரும் அந்தத் துவாரங்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். பத்து. இருபது. அறுபது வரைக்கும் எண்ணினேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

எர்சிலியா சூப்புக் கிண்ணத்தை எடுத்து மணலில் கவிழ்த்தாள். உள்ளே இருந்த அவனுடைய ஆரஞ்சுச் சட்டையின் தோளில் படிந்திருந்த தூசியைத் தட்டி நேராக்கினாள்.

"இப்பத்தான் செத்திருக்காரு," என்றாள்.